காரை விட்டு இறங்காத மனிதர்

நெஸ்டர் ஹ்ராபோக் செத்துப் போனால், அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதித் தரச் சொல்லி என்னிடம்தான் வருவார்கள். பெல்வின் என்கிற எங்கள் சின்ன ஊரில் இருபத்தெட்டு வருடம் தபாலாபீஸ் பார்த்தவள் நான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வார்த்தை கோத்துத் தருவது அப்போதிலிருந்தே என் தலையில் விழுந்த வேலை. ஆனால் இவருக்கு என்னால் நல்லதாக ஒரு வரியும் எழுத முடியாது. அதனால் ஆள் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே, என் கோபம் சூடாக இருக்கும்போதே, எழுதி வைத்துவிடுகிறேன். வேண்டுகிறவர்கள் இதை வாசிக்கட்டும். பிடிக்காதவர்கள் வேறு ஆளைப் பார்க்கட்டும்.

வயது எழுபத்து நாலு. பெல்வினுக்கு வடக்கே ஆறு மைல் தள்ளி, கப்பிச் சாலையோரத்து வீட்டில் பிறந்தவர், இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறார். அவர் வாசலில் நின்றால் சாலைக்கு எதிர்ப்பக்கம் தெரிவது என் அப்பா எனக்கு விட்டுப்போன நூற்றறுபது ஏக்கர். அந்த நிலத்தை முதன்முதலில் உழுதவர் நெஸ்டரின் அப்பா. மழையே இல்லாத வருடங்களில் அது அவர் கையை விட்டுப் போனது, பிறகு என் அப்பா வாங்கினார். இதெல்லாம் நாங்கள் பிறப்பதற்கு முந்திய கதை. நெஸ்டர் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் இருந்தால் மறந்துவிட்டார் என்று அர்த்தம் என நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

அவருடைய பெருமையெல்லாம் நேராக விதைக்கிற வரிசைதான். இப்போது டிராக்டரை ஜி.பி.எஸ். ஓட்டுகிறது. சீட்டில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டே போனாலும் விதை நூல் பிடித்த மாதிரி விழும். நெஸ்டர் காலத்தில் அதெல்லாம் கிடையாது. ஒரு மைலுக்கு அப்பால் இருக்கும் வேலிக்கம்பத்தில் கண்ணை நட்டு வைத்து, கழுத்தைத் திருப்பாமல் ஓட்ட வேண்டும். திரும்பிப் பார்த்தால் வரிசை கோணிவிடும். அவர் திரும்பிப் பார்த்ததே இல்லை என்பார்கள். ஜூன் மாதம் அவர் வயல் முளைவிட்டு நிற்கும்போது அந்தச் சாலையில் போகிறவர்கள் வண்டியின் வேகத்தைக் குறைப்பார்கள். நானே குறைத்திருக்கிறேன்.

ஒன்பது வருடத்துக்கு முன் அவர் மனைவி ஐரீன் இறந்துபோனாள். அந்த வருடக் கோடையில்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பயணம் தொடங்கியது. ஒரு மணிக்கு என் வீட்டு வாசலில் இரண்டு முறை ஹாரன் கேட்கும். ஓட்டுகிறவர் நெஸ்டர். அவர் பக்கத்தில் கோர்டி லின்ட்குவிஸ்ட், டிராக்டர் சாமான் கடையில் நாற்பது வருடம் கவுன்ட்டரில் நின்று எல்லாரையும் கிண்டல் செய்தே சம்பளம் வாங்கியவன். பின்சீட்டில் கோர்டியின் மனைவி ஃபிலிஸும் நானும். ஊருக்கு வடக்கே போய், மேடு ஏறி, பள்ளத்தாக்கில் இறங்கி, ஆற்றைத் தாண்டி, அந்தப் பக்கத்து ஊர் ஹோட்டலில் சஸ்கட்டூன் பெர்ரிப் பழம் அடைத்துச் சுட்ட பையும் காப்பியும். பிறகு வேறு வழியாகத் திரும்புவோம். எங்கே போகிறீர்கள் என்று யாராவது கேட்டால், "பயிர் பாக்கப் போறோம்" என்போம். எங்கள் பக்கத்தில் வயசானவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை செய்கிற காரியம் இதுதான்.

அழகு இல்லாமலா? ஜூலையில் கனோலா எண்ணெய்ப் பயிர் பூத்துக் கண் கூசும் மஞ்சள். பக்கத்திலேயே ஆளிவிதைப் பயிர், மதியத்துக்குள் உதிர்ந்துவிடும் நீலப்பூ. குட்டைகளில் வாத்துக்கூட்டம். மேட்டின் உச்சியில் கார் ஏறும்போது பள்ளத்தாக்கு மொத்தமும் திடீரென்று கீழே விரியும், ஒன்பது வருடமாகப் பார்த்தும் ஃபிலிஸ் ஒவ்வொரு முறையும் "ஆண்டவரே" என்பாள். ஆனால் நாங்கள் போனது அழகு பார்க்க மட்டும் அல்ல. அடுத்தவன் வயலில் குறை பார்க்க. யார் களை எடுக்கவில்லை, யார் விதைப்பில் விட்டுப்போன இடம் சொட்டைத்தலை மாதிரித் தெரிகிறது, யார் வரிசை கோணல், எல்லாம் காரிலிருந்தே தீர்ப்பாகும்.

கார்க் கதவு ஹோட்டலில்தான் திறக்கும். இது நெஸ்டர் போட்ட சட்டம். ஐரீன் இருந்த காலத்தில் பூவைக் கண்ட இடத்திலெல்லாம் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுவாளாம், பயணம் முடியவே பொழுது சாய்ந்துவிடுமாம். அவள் போனபின் வழியில் யாருக்காகவும் அவர் காரை நிறுத்தவில்லை. பாவம், மனசு கனத்துப் போயிருக்கிறார் என்று நாங்களும் விட்டுவிட்டோம். அந்த இரக்கத்தை நினைத்தால் இப்போது எனக்கு எரிகிறது.

எங்கள் சாலைகளில் இன்னொரு சட்டம் உண்டு. அது யாரும் போட்டதல்ல. எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலைத் தூக்க வேண்டும். தெரிந்தவனோ, தெரியாதவனோ, கோர்ட்டில் வழக்கு நடக்கிற அண்ணன் தம்பியோ, விரல் தூக்கித்தான் ஆக வேண்டும். தூக்கவில்லை என்றால் முகத்தில் காறித் துப்பியதற்குச் சமம்.

நாலு வருடத்துக்கு முன் என் நிலத்தை ஷெல்பி ஃபோர்ட்டியே குத்தகைக்கு எடுத்தாள். அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. அப்பா கிடையாது, புருஷன் கிடையாது, பழைய டிராக்டர் ஒன்று, அதைவிடப் பழைய விதைப்பு மிஷின் ஒன்று. என் அப்பா காலம் முழுக்க அந்த நிலம் மாட்டுக்குப் புல்தரையாகவே கிடந்தது. அதற்குப் பின் எடுத்தவரும் வைக்கோல்தான் வெட்டினார். எனக்கு நினைவு தெரிந்து அதில் கோதுமை விதைத்தது இந்தப் பெண்தான். ஒவ்வொரு வருடமும் வசந்தத்தில் தபாலாபீஸில் என்னைப் பார்த்தால் சொல்வாள்: "வெர்னா, ஒரு நாள் வந்து வயல்ல நடந்து பாருங்களேன். நான் என்ன செய்யறேன்னு காட்டறேன்." நான் வருகிறேன் வருகிறேன் என்பேன். ஞாயிறுதோறும்தான் அந்த வழியாகப் போகிறோமே, வயலைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்று எனக்கு நினைப்பு.

அந்த வயல் சாலையை நோக்கிச் சரிந்திருக்கும். அதில் உள்ள கோணல் எல்லாம் பளிச்சென்று தெரியும். ஷெல்பியின் வரிசைகள் நேராகக் கொஞ்ச தூரம் வரும், சடாரென்று வளையும், சுற்றிக்கொண்டு மறுபடி நேராகும். வளைவுகளுக்கு நடுவே விதையே விழாத மாதிரி பச்சைப் புல் திட்டுகள்.

"ஜி.பி.எஸ். சரக்கடிச்சுட்டு வேலைக்கு வந்திருக்கு போல," என்பான் கோர்டி. நாங்கள் சிரிப்போம். நான் மட்டும் அரைச் சிரிப்போடு நிறுத்திக்கொள்வேன், அது என் நிலம் அல்லவா.

நெஸ்டர் சிரிக்க மாட்டார். காரை ஊர்ந்து போகவிட்டு, தலையை மட்டும் ஆட்டுவார். "நல்ல பொண்ணுதான். கஷ்டப்படறா. ஆனா மண்ணு பாவம்ல வெர்னா," என்பார். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு அதே இடத்தில் அதே தலையாட்டல். நாலு கோடை, வாரம் ஒரு தடவை. சொட்டுச் சொட்டாக விஷம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அதைக் காரில் உட்கார்ந்து, காற்று வாங்கிக்கொண்டு, சந்தோஷமாகக் குடித்திருக்கிறேன்.

போன ஜூலையில் ஒரு ஞாயிறு அங்கே ஷெல்பி டிராக்டரில் எதிரே வந்தாள். எங்களைக் கண்டதும் விரல் அல்ல, கையையே தூக்கிச் சிரித்தாள். நெஸ்டரின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் அப்படியே இருந்தன. கோர்டி திடீரென்று தன் சட்டைப் பொத்தானைப் பார்த்தான். என் கை பாதி உயர்ந்துவிட்டது. முன்சீட்டில் யாரும் தூக்கவில்லை என்று கண்டதும், அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். நாலு வருடமாக நெஸ்டர் அவளுக்கு விரல் தூக்கியதில்லை என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். கவனித்து என்ன செய்தேன்? ஹோட்டலில் போய் பெர்ரி பை தின்றேன்.

அன்று திரும்பும் வழியில் கோர்டி அறிவித்தான்: "இந்த வருஷக் கோணக்கொழு பரிசு, ஏகமனதா, குமாரி ஃபோர்ட்டியேவுக்கு!"

கோணக்கொழு என்பது விதைப்பு மிஷினிலிருந்து கழன்ற, மண்ணைக் கீறுகிற இரும்புக் கொழு, வளைந்து போனது. கோர்டி அதற்கு வெள்ளிச்சாயம் அடித்து, ரிப்பன் கட்டி வைத்திருக்கிறான். வருடா வருடம் அக்டோபரில் ஊர்க்கூடத்தில் நடக்கும் வான்கோழி விருந்தில், அந்த வருடத்தின் கேவலமான வயலுக்கு அதைத் தருவது வழக்கம். முன்னூறு பேர் கைதட்டிச் சிரிப்பார்கள். வாங்குகிறவனும் சிரித்துத்தான் ஆக வேண்டும். என் நிலத்துக்கு அது வரப்போகிறது என்று கேட்டதும் காது வரை சூடேறியது.

"நீ வருத்தப்படாத. அடுத்த வசந்தத்துக்கு நான் இருக்கேன். நேரா போட்டுத் தரேன், உங்கப்பா பேரு கெடாது," என்றார் நெஸ்டர்.

அப்போதும் அவர் கண் சாலையைவிட்டுத் திரும்பவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் நான் முடிவு செய்தேன். நெஸ்டருக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். அறுவடை முடிந்ததும் நிலத்தைக் காலி செய்யும்படி ஷெல்பிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாலு வரி. என் எழுத்துத் திறமையெல்லாம் அதில் இருந்தது: மரியாதையாக, குளிர்ச்சியாக, பதில் சொல்ல இடம் வைக்காமல். சனிக்கிழமை மாலை கொண்டுபோய்த் தபால்பெட்டியில் போட்டேன்.

மறுநாள் ஞாயிறு. ஃபிலிஸுக்கு டாக்டர் புதிதாகத் தண்ணீர் போகிற மாத்திரை கொடுத்திருந்தார். அதன் மேல் இரண்டு காப்பி வேறு. என் நிலத்துக்கு அரை மைல் இருக்கும்போதே நெளிய ஆரம்பித்துவிட்டாள்.

"நெஸ்டர், வண்டிய நிறுத்து."

"ஹோட்டலுக்கு இருபதே நிமிஷம்."

"இருபது நிமிஷம் உன் சீட்டு தாங்காது. சொல்லிட்டேன்!"

கோர்டி விழுந்து விழுந்து சிரித்தான். நெஸ்டர் அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை, அவள் கதவைத் திறந்துவிட்டாள். ஓடுகிற காரின் கதவை! அப்போதுதான் பிரேக் போட்டார். சரியாக என் நிலத்துக்கு எதிரே.

நெஸ்டரின் வீடு நிலத்தின் மறுகோடிக்கு எதிரே, அதுவரை ஃபிலிஸ் தாங்க மாட்டாள். வெட்டவெளியில் மறைவு எங்கே? கோதுமை முழங்காலுக்கு மேல்தான் நின்றது. அங்கே ஆளுயரத்துக்கு இருந்தது அந்தப் புல்திட்டு ஒன்றுதான். என் கோட்டை எடுத்துக்கொண்டு ஃபிலிஸோடு நானும் வயலுக்குள் இறங்கினேன். அப்பா செத்தபின் அந்த மண்ணில் என் கால் பட்டது அன்றுதான்.

ஃபிலிஸ் புல்லுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நான் கோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நின்றேன். பார்க்க வேறொன்றும் இல்லாததால் தரையைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. மாவு கொட்டிய மாதிரி, புல்லின் வேர் வரைக்கும் வெள்ளை.

"ஃபிலிஸ், இது என்ன?"

அவள் பண்ணையில் வளர்ந்தவள். பாவாடையை இறக்கிக்கொண்டு எழுந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "உப்புப் பூத்திருக்குடி. இதுல கோதுமையப் போட்டா வெதைக்கும் நஷ்டம், மண்ணுக்கும் நஷ்டம். இந்தப் புல்லு தானா மொளைச்சது இல்ல. உப்பு குடிக்கற சாதி, வெல குடுத்து வாங்கித் தெளிச்சிருக்கா. விட்டா இந்த வெள்ள வயல் பூரா பரவிடும். அந்தப் பொண்ணு ஒவ்வொரு திட்டையும் சுத்திச் சுத்தி ஓட்டிருக்கா பாரு. நேரா ஓட்டறவனுக்கு என்ன, கண்ண மூடிட்டு ஓட்டலாம். இதுக்குல்ல கை வேணும்!"

வளைவின் ஓரத்தில் நின்ற கதிர் ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். கனமாக இருந்தது. சாலையிலிருந்து கோணலாகத் தெரிந்த ஒவ்வொரு வரிசையும், பக்கத்தில் நின்று பார்த்தால், வேண்டுமென்றே போட்டதாகத் தெரிந்தது. அங்கிருந்து காரைப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் நெஸ்டர் எங்களைப் பார்க்காமல் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கழுத்து திரும்பவே இல்லை. இவருக்கு எல்லாம் தெரியும் என்று அப்போது எனக்குப் புரிந்துவிட்டது.

நடந்து வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"இறங்குங்க."

"ஏறு வெர்னா, நேரமாச்சு."

"வயல்ல உப்பு இருக்கு. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவர் கியரில் கை வைத்தார். கோர்டி மறுபடி தன் சட்டைப் பொத்தானைப் பார்த்தான்.

"கேக்கறேன்ல?"

"தெரியும்," என்றார். "எங்கப்பா வரிசையும் அங்க வளைஞ்சுதான் போச்சாம். அம்மா சொல்லிருக்கு."

"தெரிஞ்சுகிட்டே நாலு வருஷமா அவள ஏளனம் பண்ணீங்களா? என்கிட்ட பொய் சொன்னீங்களா?"

"பொய் எங்க சொன்னேன்? வளைஞ்சிருக்குன்னேன். வளைஞ்சுதானே இருக்கு? ஏன் வளைஞ்சிருக்குன்னு நீ கேக்கல."

கன்னத்தில் ஒன்று விடலாம் போல இருந்தது. அறுபத்தெட்டு வயதில் ஒரு கிழவனை நடுச்சாலையில் அறைந்தவள் என்ற பெயர் வரட்டும் என்றுகூட நினைத்தேன்.

"நிலம் வேணும்னா வாயத் தெறந்து என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடுத்திருப்பியா? அவளத் தூக்கிட்டு?"

"குடுத்திருக்க மாட்டேன்."

"அப்புறம் என்னத்தக் கேக்கறது," என்றார். குரல் உடைந்தது. "எங்கப்பா மொதல்ல ஏர் வெச்ச மண்ணு. காலைல எழுந்தா கண்ணு முன்னாடி அதுதான். எழுபது வருஷமாப் பாத்துட்டு இருக்கேன்."

அந்தக் குரல் உடைந்ததற்கு வேறொரு நாள் நான் இளகியிருப்பேன். குளிர்காலத்தில் பனி விழுந்தால் காலை ஆறு மணிக்கு ஆறு மைல் டிராக்டர் ஓட்டி வந்து என் வாசலைத் துப்புரவாக்கிவிட்டுப் போகிற மனிதர் இவர், நான் கேட்டதில்லை, அவர் நன்றி வாங்கியதில்லை. அதையும் இதில் எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் அன்றைக்கு என் காதில் கேட்டதெல்லாம் சனிக்கிழமை தபால்பெட்டிக்குள் அந்தக் கடிதம் விழுந்த சத்தம்தான்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குத் தபாலாபீஸ் வாசலில் நின்றேன். இப்போது அங்கே இருப்பது மார்லீன். ஐம்பது வயது, நான் வேலை சொல்லிக்கொடுத்தவள். பெட்டியைத் திறந்து தபால்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். என் கையெழுத்து போட்ட உறை மேசைமேலேயே கிடந்தது, கையை நீட்டினால் எட்டும்.

"மார்லீன், அந்தக் கடுதாசியக் குடுத்துடும்மா. தப்பா எழுதிட்டேன்."

அவள் முகம் வாடிவிட்டது. "வெர்னா... பெட்டியில விழுந்தது எழுதினவங்களுது இல்ல, பேரு போட்டவங்களுது. நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?"

ஆமாம், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். காதலை முறித்து எழுதிவிட்டு மறுநாள் அழுதுகொண்டு வந்த பையன்களை, ராஜினாமாவைத் திருப்பிக் கேட்ட வாத்தியாரை, இதே வார்த்தை சொல்லி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சட்டம் தெரிந்த பெருமையோடு வேறு. அவள் அந்த உறையை எடுத்து, ஊர்க்காரர்கள் வந்து தபால் எடுத்துக்கொள்கிற பெட்டி வரிசையில் ஷெல்பியின் பெட்டிக்குள் வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஷெல்பி வந்து அதை எடுப்பதற்கு முன் அவளைப் பிடித்துவிட்டால் போதும் என்று காரை எடுத்துக்கொண்டு விரட்டினேன். நாலாவது மைலில் புழுதி தெரிந்தது. அவளுடைய லாரிதான் எதிரே வந்தது. இரவல் வாங்கிய அறுவடை மிஷினுக்கு ஏதோ பெல்ட் வாங்க ஊருக்கு வந்துகொண்டிருந்திருக்கிறாள். நான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, நிறுத்து நிறுத்து என்று பலமாக ஆட்டினேன். விரல் தூக்குகிற ஊரில் ஒரு கிழவி முழுக்கையையும் ஆட்டினால் என்ன அர்த்தம்? என்றைக்கும் இல்லாத பிரியத்தோடு காலை வணக்கம் சொல்கிறாள் என்று அர்த்தம். ஷெல்பியின் முகம் மலர்ந்தது. அவளும் முழுக்கையைத் தூக்கி ஆட்டினாள். அதே வேகத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டாள், நேராகத் தபாலாபீஸுக்கு.

நான் வண்டியைத் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் எட்டிப் பிடித்திருப்பேனா, தெரியாது. அவள் வீட்டு முற்றத்துக்குப் போய்க் காத்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். பெல்ட் ஒரு தோளில். சட்டைப் பையில் என் உறை, கிழித்துத் திறந்திருந்தது.

"ஷெல்பி, அதக் கிழிச்சுப் போட்டுடு. நான் தெரியாம எழுதிட்டேன். நேத்து வயலுக்குள்ள போனேன். உப்பப் பாத்தேன். புல்லப் பாத்தேன். நீ செஞ்சதெல்லாம் பாத்தேன்."

"அப்படியா," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நாலு வருஷமா வாங்க வாங்கன்னு கூப்பிட்டேன்ல? அப்ப வரல. கடுதாசி எழுதினப்புறம் வந்தீங்களா?"

"எழுதினப்புறம்தான்... நிலம் உன்னுதுதான். எத்தன வருஷம் வேணும்னாலும்."

"வேணாம் வெர்னா. மனிட்டோபால எங்க மாமா மூணு வருஷமாக் கூப்பிட்டுட்டே இருந்தாரு. இந்த மண்ணு இப்பத்தான் தேற ஆரம்பிச்சிருக்கு, விட்டுட்டு வர மாட்டேன்னு சொல்லிட்டே இருந்தேன். இப்ப தபாலாபீஸ் வாசல்லேர்ந்தே போன் பண்ணி வரேன்னுட்டேன்."

"நான் மன்னிப்புக் கேக்கறேன்."

"கேளுங்க. காலைல ரோட்டுல எவ்ளோ ஆசையாக் கை ஆட்டினீங்க! எனக்கு எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? இந்த ஊர் இப்பத்தான் என்னைச் சேத்துக்கிச்சுன்னு நெனச்சேன்."

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அவள் பெல்ட்டை எடுத்துக்கொண்டு மிஷின் பக்கம் போய்விட்டாள்.

அக்டோபரில் விருந்து நடந்தது. கோர்டி பழக்கதோஷத்தில் கோணக்கொழுவைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போய்விட்டான், கடைசி நேரத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டு மைக் முன்னால் முழித்துக்கொண்டு நின்றான். நான் எழுந்துபோய் அதை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். "இந்த வருஷம் இது எனக்கு. ஒன்பது வருஷமா காருக்குள்ள உக்காந்து அடுத்தவங்க வயலுக்குத் தீர்ப்பு சொன்னதுக்கு. நெஸ்டருக்கும் பாதி பங்கு உண்டு, ஆனா அவரு எழுந்து வர மாட்டாரு," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நெஸ்டர் தட்டிலிருந்த உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷெல்பி வரவே இல்லை.

நிலத்தை நெஸ்டருக்கு நான் தரவில்லை. அடுத்த வசந்தத்தில் நூற்றறுபது ஏக்கரும் மறுபடி புல்லாகப் போகிறது. நேராகவோ கோணலாகவோ ஒரு வரிசையும் அங்கே இருக்காது. காலையில் எழுந்து அதையும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். கொழுவை நிலத்தின் கேட்டில் கம்பி போட்டுக் கட்டிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை அந்த வழியாகப் போகிற எல்லாக் கார்களுக்கும் தெரிகிற மாதிரி.

அதைக் கட்டிக்கொண்டிருந்த நாளில்தான் ஷெல்பி புறப்பட்டாள். லாரிக்குப் பின்னால் அந்தப் பழைய விதைப்பு மிஷினைக் கட்டி இழுத்துக்கொண்டு மெதுவாக வந்தாள். நான் சாலையோரத்துக்கு ஓடிவந்து கையைத் தூக்கினேன். என்னைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். அவளுடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை விட்டு அசையவில்லை.

அவள் என்னைத் தாண்டிய சமயத்தில் எதிர்ப்பக்கத்து வாசலிலிருந்து நெஸ்டரின் கார் வெளியே வந்தது. லாரி போகட்டும் என்று நின்றார். வெற்றியா வெட்கமா, எதுவென்று எனக்குத் தெரியாது, ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலைத் தூக்கினார். நாலு வருடத்தில் முதல்முறை.

ஷெல்பி பதிலுக்கு விரலைத் தூக்கினாள்.

அவளுக்கு நிலம் கொடுத்து நம்ப வைத்தவர் அவர் அல்ல, வயலுக்கு வருகிறேன் என்று நாலு வருடம் ஏமாற்றியவரும் அல்ல, கடிதம் போட்டவரும் அல்ல. அதெல்லாம் நான். புழுதி அடங்கும்வரை, தூக்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தச் சாலையில் நின்றேன்.